தவுடு என்று கூப்பிட்டால்

தவுடு செத்துப்போனாள் என்ற செய்தி வந்தபோது நான் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் என் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஓலை சீவிக்கொண்டிருந்தேன். பசியாவரத்திலிருந்து மதியத் தோணியில் அவளுடைய மூத்த மகன் மாரி வந்திருந்தான். கையில் ஒரு துணி மூட்டை.

"அம்மா பூட்டாங்க ஐயா. காலைல எறா பொறுக்கிகினு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றான். பிறகு அந்த மூட்டையை என் பலகை ஓரமாக வைத்தான். "இந்த வருசத்துத் தவுடு. நேத்தே சலிச்சி வச்சிட்டாங்க. கப்பலு வந்துகீதில்ல?"

சாவுச் செய்தி கேட்டால் மனிதனுக்குக் கண் கலங்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது. இனி வருஷா வருஷம் அவள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்ற நிம்மதி. மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தபோது அதுவும் போய்விட்டது.

அவளுடைய கருமாதி அன்று ஊர் கூடியிருக்கும்போது இந்த ஓலையைப் படிக்க வேண்டும் என்று மாரியிடம் கேட்டேன். சரி என்றான். இதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சரி என்றான். பசியாவரத்துக்காரர்களே, அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன் என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள். எழுதியிருக்கிறேன். ஆனால் முதலில் அவள் பெயரைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பெயரில் என் கை பட்டிருக்கிறது.

தவிடு என்றால் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நெல்லைக் குத்தினால் அரிசி சட்டிக்குப் போகும், தவிடு மாட்டுக்குப் போகும். அதைப் போய்ப் பிள்ளைக்குப் பெயராக வைக்கிறோம். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாவது பிறந்தால், எமன் வழி தெரிந்துவைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் பிள்ளையை விற்றுவிடுவோம். பெற்ற பிள்ளை ஒன்றைக்கூட இழக்காத ஒருத்தி வாசலில் வந்து நின்று விலை கேட்பாள். ஒரு படி தவிடு என்று தகப்பன் சொல்வான். அவள் முறத்தில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டுவாள். திரும்பி வந்து பெற்றவள் மடியில் போட்டு, "எம் புள்ளைக்குக் கொஞ்சம் பால் குடும்மா" என்பாள். அதற்குப் பிறகு எமன் வந்து பார்த்தால் அந்த வீட்டில் இருப்பது ஊரான் பிள்ளை.

அப்படி வாங்கிய பிள்ளை ஆணானாலும் தவுடுதான், பெண்ணானாலும் தவுடுதான். ஆண் என்றும் பெண் என்றும் பிரித்துக் கொஞ்சினால் பெற்றவர்களுக்கு ஆசை வந்துவிட்டது என்று எமனுக்குத் தெரிந்துவிடுமாம். கல்யாணத்தின்போது பெற்றவர்கள் அதே ஒரு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். இவ்வளவும் வாயால் நடக்கிற காரியம். யாரும் எழுதிக்கொள்வதில்லை. எழுதினவன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு அப்போது மீசை அரும்பின வயது. எழுத்தாணி பிடிக்கத் தெரியும் என்ற கர்வம் வேறு. தவுடுவின் தகப்பன் எல்லப்பன் என் சிநேகிதன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். மனைவிக்கு வலி எடுத்திருக்கிறது என்று ஏரியைத் தாண்டி என்னிடம் ஓடி வந்தான்.

"முனியம்மா வாங்கிக்கறேன்னு சொல்லிகீறா. ஆனா வாய் வார்த்தைய எமன் நம்பலைன்னா? நீ ஒரு ஓலை எழுதிக் குடுரா. படிச்சிட்டுப் போவட்டும்" என்றான்.

"ஆணா பெண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னும் பொறக்கவே இல்ல. எதுவா இருந்தா இன்னா? தவுடுனு எழுது."

இருவரும் சிரித்தோம். நான் நிஜ விற்பனை ஓலை மாதிரியே எழுதினேன். எல்லப்பன் தன் மனதார முனியம்மாவுக்கு விற்ற பிள்ளை தவுடு, சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவது என்று ஜோராக இழுத்துவிட்டேன். விளையாட்டு ஓலைக்கு ஆண்டும் மாதமும் எதற்கு என்று விட்டுவிட்டேன். சாட்சி வேண்டுமே என்று எல்லப்பன் கேட்டான். கடைசி வரியில் எழுதினேன்: இதற்குச் சாட்சி முறமும் துடைப்பமும். அதைப் படித்துக் காட்டியபோது எல்லப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவிக்கு வலி எடுத்திருப்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டான். அன்று சாயங்காலம் பிறந்தவள்தான் இவள்.

எமன் ஓலையைப் படித்தானோ என்னவோ, பிள்ளை பிழைத்துக்கொண்டது. நாலு வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். ராசியான பெயர் என்று அவனையும் முனியம்மாவுக்கே விற்று அவனுக்கும் தவுடு என்றே வைத்தார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. அதனால் அவனுக்கு ஓலை கிடையாது. எல்லப்பன் வீட்டுப் பக்கம் நின்று தவுடு என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு தலை திரும்பும். அக்காள் என்னை "சின்ன நைனா" என்பாள். கேலி செய்வதில் அப்பனை மிஞ்சினவள். "சின்ன நைனா, எங் கல்யாணத்துக்கு மொறமும் தொடப்பமும் சாட்சிக்கு வருமா, நீ மட்டும்தான் வருவியா?" என்று நடுத்தெருவில் கேட்பாள்.

கல்யாணத்துக்குப் போனேன். எல்லப்பன் ஒரு படி தவிட்டை முனியம்மாவின் மடியில் கொட்டி மகளை மீட்டதைக் கண்ணால் பார்த்தேன். மீனும் சோறுமாக மூக்குப் பிடிக்கத் தின்றேன். ஓலை எங்கே, அதைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் தோன்றவே இல்லை. அது முனியம்மா வீட்டுக் கூரையில் செருகியபடியே இருந்தது.

பிறகு அந்தப் பஞ்சம். வயதானவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம், இளையவர்களுக்குச் சொன்னால் புரியாது. பிள்ளை பிழைக்கட்டும் என்று விளையாட்டாக விற்ற ஊரில், பிள்ளை பிழைக்கட்டும் என்று நிஜமாகவே விற்றார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. கீழைக் கடல் தாண்டி, ஒல்லாந்துக்காரர்களின் பத்தாவிப் பட்டணத்துக்கு அடிமை ஆள் வேண்டும் என்று தரகர்கள் அலைந்தார்கள். அவர்களுக்கு ஓலை எழுதிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வருஷம் எரிந்த அடுப்புகள் கொஞ்சம்தான்.

அந்தப் பஞ்சத்தில் எல்லப்பனும் போனான், அவன் மனைவியும் போனாள், முனியம்மாவும் போனாள். முனியம்மாவின் மகனுக்குப் பசியில் சுருண்டு கிடக்கும் மூன்று பிள்ளைகள். கூரையில் ஓலை அகப்பட்டது. அதை ஒரு வெளியூர்த் தரகனிடம் கொண்டுபோய் அரிசி வாங்கிக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. தரகன் ஓலையோடு பசியாவரத்தில் இறங்கி, தவுடு யார் என்று கேட்டான். அக்காள் இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. தம்பிக்கு இருபது வயது, கட்டுமஸ்தான உடம்பு. தரகன் அவன் கையைப் பிடித்தான்.

அவள் சும்மா விடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தோணி ஏறி ஒல்லாந்துக்காரர் கோட்டை வாசலில் போய்க் கத்தினாள். கடைசியில் விசாரணை வைத்தார்கள். அங்கே ஒரு ஒல்லாந்துக்காரத் துரை, அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி. ஓலையைக் காட்டி, எழுதியவனைக் கூப்பிடு என்றார்கள். நான் போனேன்.

"ஓலை என்னோடது சாமி. அவன் அப்ப பொறக்கவே இல்ல. எங் கல்யாணத்துல நைனா தவுட்டக் குடுத்து என்ன மீட்டாச்சு. இதோ நிக்கிறாரே, இவர் வந்து துன்னுட்டுப் போனாரே, கேளுங்க" என்றாள்.

வாய்ச்சொல்லை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. தவுடு ஆண் பெயரா பெண் பெயரா என்று துரை கேட்டார். இரண்டுக்கும் உண்டு என்று துபாஷி சொன்னான். இவனைத்தான் என் தாய் வாங்கினாள் என்று முனியம்மாவின் மகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். துபாஷிக்கு ஓலை எழுத்துப் படிக்க வராது, அதனால் ஓலையை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

படித்தேன். மனதார விற்றது, சந்திர சூரியர் உள்ளவரை, எல்லாவற்றையும் படித்தேன். கடைசி வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. என் கையெழுத்து, முத்து முத்தாக. முறமும் துடைப்பமும் சாட்சி என்ற ஒரு வரியைப் படித்திருந்தால் அந்த அறையில் இருந்த துரையிலிருந்து சேவகன்வரை சிரித்திருப்பார்கள். அது விற்பனை ஓலையே இல்லை என்று அங்கேயே முடிந்திருக்கும். யாரும் யாரோடும் போயிருக்க வேண்டாம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எல்லப்பன் அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்த வரி அது.

நான் ஓலையைக் கீழே வைத்துவிட்டேன்.

இவன் எழுதிய ஓலையில் ஒன்று விளையாட்டு என்றால் மற்றவை எப்படி என்று துரை கேட்பாரே என்று தோன்றியது. பஞ்ச வருஷத்தில் நான் எழுதியவை எல்லாவற்றையும் கொண்டுவா என்பாரே என்று தோன்றியது. அவற்றில் எத்தனை நேரானவை என்று எனக்குத் தெரியும். பொய் ஓலை எழுதினவனுக்கு விழும் சவுக்கடி ஞாபகம் வந்தது, என் அடுப்பு ஞாபகம் வந்தது. இந்த இரண்டு பேரில் யாருக்காக எழுதினாய் என்று கேட்டார்கள். ஓலையில் ஆண் பெண் குறிக்கவில்லை, எனக்கு நினைவில்லை என்றேன். பயம்தான். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது.

சின்னத் தவுடுவைக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அவன் படகில் ஏறும்போது, "அக்கா, வலைய வெயில்ல போடாத" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அவள் என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

"மொறமும் தொடப்பமும் எங்க போச்சு, ஓலைக்காரரே?" என்று கேட்டாள்.

அன்றோடு சின்ன நைனா போய் ஓலைக்காரன் ஆனேன். முப்பது வருஷம் அவள் வாயில் எனக்கு வேறு பெயர் இல்லை.

மறு வருஷம் கப்பல் வந்தபோது ஒரு படி தவிட்டோடு என் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். சந்தை நேரம், நல்ல கூட்டம். "இந்தா வெல. எந் தம்பி மீண்டாச்சுனு எழுது" என்றாள். எழுதினேன். அதைக் கப்பல்காரன் யார் கையிலாவது கொடுத்து, பத்தாவியில் தவுடு என்று ஒருத்தன் இருப்பான், அவனிடம் சேர்த்துவிடு என்று கெஞ்சினாள். அதற்கடுத்த வருஷமும் வந்தாள். அதற்கடுத்த வருஷமும். ஒரு ஓலைக்கும் பதில் வரவில்லை. "போன வருசத்து ஓலைல அந்தக் கப்பல்காரன் பல்லு குத்திகினான் போல. இந்தத் தபா பெரிய ஓலையா எழுது, குத்தினா வாய் கிழியட்டும்" என்பாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பது போல் பல்லைக் காட்டுவேன். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். அந்தத் தவிட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிடுவேன்.

ராசி கெட்ட பெயர், மாற்றிக்கொள் என்று உங்களில் பலர் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். நானே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அவள் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"அவன் எப்பனா வந்து கரைல நின்னு, தவுடுனு கூவுவான். ஒருத்தராவது திரும்பிப் பாக்க வேணாமா?"

அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதாகச் சொன்னேன். இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. பெற்ற நாலு பிள்ளைகளையும் உயிரோடு வளர்த்தாள். எறாவில் ஒரு கைப்பிடிகூட அழுகினதைச் சேர்த்து விற்கமாட்டாள். முனியம்மாவின் மகன் சாகக் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய் ஊற்றினாள். அவனுக்குக் கஞ்சி ஊற்றினாயே, எனக்கு ஒரு நல்ல சொல் கிடையாதா என்று நான் கேட்டேன். வெட்கம் கெட்டவன், கேட்டேன். "அவன் பசில பொய் சொன்னான். நீ துன்னுட்டு சொன்ன" என்றாள்.

போன வருஷம் என் கடைசி மகள் பிள்ளை பெற்றாள். அவளுக்கு அது மூன்றாவது. முந்தைய இரண்டும் தொட்டில் கண்டதோடு சரி. பிள்ளையை விற்க வேண்டும், வாங்க ஆள் வேண்டும். பெற்றதில் ஒன்றையும் இழக்காதவள் என்றால் தவுடுதான் இருக்கிறாள் என்று என் மகளே ஆள் அனுப்பிவிட்டாள். அவளுக்குப் பழைய கதை தெரியாது. நான் சொன்னதில்லை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். முறத்தில் தவிடு. வாசலில் நின்று, "இன்னா வெல?" என்று கேட்டாள். விலை சொல்ல வேண்டிய மருமகன் வெளியூரில் இருந்தான். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். இந்த வயதில். "நைனா, நீ வந்து சொல்லு" என்று மகள் கூப்பிட்டாள். வந்தேன்.

"ஒரு படி தவுடுனு சொல்லு. வாயால சொல்லு. எழுதாத" என்றாள் தவுடு.

சொன்னேன். அவள் தவிட்டைக் கொட்டினாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து வந்து வாசற்படியில், முறத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். "சாட்சிங்க ரெண்டும் கீது. இப்ப பாரு ஓலைக்காரரே, நல்லா பாரு" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டித் திரும்பி வந்து என் மகள் மடியில் போட்டாள். "எம் புள்ளைக்குப் பால் குடும்மா." என் மகள் சந்தோஷத்தில் அழுதாள். நான் எதற்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பிள்ளைக்கு இப்போது ஒரு வயது. பிழைத்துவிட்டது. தவுடு என்றுதான் பெயர். ஆணா பெண்ணா என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

வாங்கியவள் போய்விட்டாள், நாளைக்கு இந்தப் பிள்ளையை யாரிடம் தவிடு கொடுத்து மீட்பது என்று சாவுக்குப் போயிருந்தபோது மாரியிடம் கேட்டேன். அவன் தயங்கினான். "அம்மா சொல்லிகீறாங்க ஐயா. நம்ம யாரும் தவுடு வாங்கக் கூடாதாம். அந்தப் புள்ள மாமாவுதாம். அவர் வந்து வாங்கிப்பார்னு சொன்னாங்க" என்றான். மாமா என்றால் சின்னத் தவுடு. நான் கப்பலேற்றினவன்.

அவள் கணக்கு அதுதான். திட்டவில்லை, சாபம் விடவில்லை. என் வீட்டிலேயே ஒரு பிள்ளையை வாங்கித் தன் தம்பி பெயரில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பிள்ளைதான். என் கூரைக்குக் கீழே தவழ்கிறது, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, என்னுடையது இல்லை.

இந்த வருஷத்து ஓலையை எழுதிவிட்டேன். தவுடு என்ற பெயரில் யாரும் எக்காலத்திலும் விற்கப்படவில்லை, முதல் ஓலை எல்லப்பனும் நானும் எமனுக்கு எழுதிய விளையாட்டு, அது அக்காளுக்காக எழுதியது, இதை முப்பது வருஷத்துக்கு முன் கோட்டையில் சொல்லாதவன் நான் என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் சாட்சி முறமும் துடைப்பமும் என்றும் எழுதியிருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் என்னை என்ன செய்தாலும் சரி, அதைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

நேற்று சாயங்காலம் மாரி கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து, தவிட்டை முறத்தில் கொட்டி வாசலில் வைத்தேன். இந்தத் தடவை மாட்டுக்குப் போட மனம் வரவில்லை. கரையைப் பார்த்து நின்றுகொண்டு, யாரை என்று எனக்கே தெரியாமல், "தவுடு" என்று உரக்கக் கூப்பிட்டேன். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது.